முப்பத்தொன்பதாம் வருடத்து ரூபாய்

இதை நான் பத்துப் பதினைந்து பேரிடமாவது சொல்லியிருப்பேன் சார். ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை மாறாமல்தான் சொல்வேன். ஆனால் சில வருடங்களாக, சொல்லி முடித்ததும், இது இப்படித்தான் நடந்ததா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. கேட்டவர்கள் யாரும் சந்தேகப்பட்டதில்லை. நான் மட்டும்தான்.

உட்காருங்கள். இந்தப் பழங்காசுக் கண்காட்சியில் கடை போட்டிருக்கிற பாய் என் காசை எடுத்துக்கொண்டு உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகிறது. பெரிய லென்ஸ் அந்த அறையில்தான் இருக்கிறதாம். அவர் வந்த பிறகுதான் உங்களுடையதைக் கட்டித் தருவார்.

நீங்கள் அவரிடம் சொன்னது காதில் விழுந்தது, தப்பாக நினைக்காதீர்கள். "ரெண்டு பேத்திக்கும் ஒரே மாதிரி வேணும் பாய், நூல் வித்தியாசம் இருக்கக் கூடாது" என்றீர்களே. அதைக் கேட்டுத்தான் நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன். ஒரே மாதிரி வாங்காதீர்கள் சார். ஒன்று கப்பல் போட்டதாக இருக்கட்டும், ஒன்று யானை போட்டதாக இருக்கட்டும். ஒரே மாதிரி இரண்டு கொடுத்தால் பிள்ளைகள் சும்மா இருந்தாலும் பெற்றவர்கள் இருக்க மாட்டோம்.

என் அப்பாவும் ஒரே மாதிரிதான் கொடுத்தார்.

அவர் கருவூலத்தில் காசாளராக இருந்தவர். கையில் வருகிற சில்லறையில் வித்தியாசமாக ஒன்று கண்ணில் பட்டால், தன் சட்டைப்பையிலிருந்து அதே மதிப்புக்குக் காசு போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வார். ஓய்வு பெற்றபோது அவரிடம் பதினொரு ஆல்பம் இருந்தது. பேரப்பிள்ளைகள் இரண்டே பேர். என் மகள் கயல்விழி, என் அக்கா மங்கையின் மகன் இளஞ்சேரன். நான்கு மாத வித்தியாசம். அக்கா கும்பகோணத்தில், நான் இங்கே திருச்சியில். அப்பா என்னோடு.

பிறந்தநாளுக்குச் சட்டை, கேக் எதுவும் கிடையாது. ஒரு காசு. பிள்ளை கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, கைக்குட்டையை விரித்து நீட்ட வேண்டும். அதன் மேல் வைப்பார். "காசோட முகத்தத் தொடக் கூடாது, விளிம்பப் பிடி" என்பார். வெள்ளை அட்டைக்குள் காசு, நடுவில் வட்டமாக பிளாஸ்டிக் சன்னல், நாலு ஓரத்திலும் ஸ்டேப்ளர் பின். பின்னைக் குறடால் தட்டையாக அழுத்தியிருப்பார், விரலில் குத்தாது. அட்டையில் பொடி எழுத்தில் வருடம், உலோகம், எடை, பிள்ளையின் பெயர். அவ்வளவுதான். அதைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அடுத்த வருடம் காசு கிடையாது. அது சட்டம்.

இரண்டு பேருக்கும் பத்து வயது ஆன வருடம் அப்பாவுக்கு எழுபது. பீமரத சாந்தி செய்தோம். அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இரண்டு அட்டை. இரண்டிலும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதாம் வருடத்து வெள்ளி ரூபாய்.

உங்களுக்கு அதன் அருமை தெரியுமோ தெரியாது. முப்பத்தெட்டு எவ்வளவோ கிடைக்கும். முப்பத்தொன்பது கிடைக்காது. ஒன்று வைத்திருக்கிறவரையே இந்தக் கண்காட்சியில் எழுந்து நின்று பார்ப்பார்கள். அப்பாவிடம் இரண்டு.

அக்கா சும்மா இருக்க மாட்டாள். "ஏம்ப்பா, எங்களுக்கு ஐஸ் வாங்க நாலணா கேட்டா நாலு கேள்வி கேப்பீங்க. இதுங்களுக்கு மட்டும் முப்பத்தொம்பதா?"

"நீங்க புள்ளைங்க. இதுங்க பேரப்புள்ளைங்க. அது வேற கஜானா" என்றார் அப்பா.

சேரன், "தாத்தா, இத வச்சு மிட்டாய் வாங்கலாமா?" என்றான்.

"கடையவே வாங்கலாம்டா."

எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அப்பா சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ரெண்டும் ஒண்ணுதான். பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாக்கக் கூடாது. நான் இருக்கற வரைக்கும் வெளியாள் யார்கிட்டயும் காட்டக் கூடாது." திருட்டுப் பயம். வயதானவர்களுக்கு வருவதுதானே.

இரண்டு வருடம் கழித்து அவர் போய்விட்டார்.

அக்கா அன்றே வந்துவிட்டாள். சேரனும் அவன் தாத்தா கொடுத்ததையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு எடுத்து வந்திருந்தான், படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று. பதினாறு நாளும் வீட்டுச் சாவிக் கொத்து அக்காவின் இடுப்பில்தான். என் மனைவி வசுமதிக்கு வந்தவர்களுக்குச் சமைத்துப்போடவே நேரம் போதவில்லை. பீரோவும் அக்கா பொறுப்பு. கயலின் காசு டப்பா அந்த பீரோவில். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள், முக்கியம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள். அக்கா ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். நான் பீரோவைத் திறந்து கயலின் முப்பத்தொன்பதை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். விற்பதற்கு இல்லை சார். அப்பா எனக்கு, அதாவது என் மகளுக்கு, எவ்வளவு பெரியதைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று விஷயம் தெரிந்த ஒருத்தர் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது. வேறொன்றும் இல்லை.

வாசலில் அக்கா. "எங்கடா இந்த வெயில்ல?"

நான் பையைத் தொட்டுக்கொண்டேன். அவள் கண் அங்கே போனது.

"அப்பா காட்டக் கூடாதுன்னார்ல?"

"அவர் இருக்கற வரைக்கும்னு சொன்னார்."

அவள் முகம் மாறியது. இதை நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வேன் சார். முகம் மாறியது. "வேணாம் சேகர், வச்சுட்டு வா" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். மடியில் கனம் இல்லாதவள் ஏன் தடுக்க வேண்டும்?

கடைவீதியில் ஒரு பழங்காசு வியாபாரி இருந்தார், இப்போது இல்லை. அட்டையைப் பிரித்துக் காசைத் தராசில் போட்டார், எடை சரி. மேஜையில் தட்டினார், சத்தம் சரி. வெள்ளியும் சரி. அப்புறம் லென்ஸை வைத்தார். அரை நிமிடம் இல்லை, நிமிர்ந்துவிட்டார். "காசு நெசந்தாங்க. வருஷம்தான் பொய். முப்பத்தெட்டு. எட்டோட கீழ் வட்டத்துல இடது பக்கத்தச் சுரண்டிட்டா ஒம்போது. இந்தாங்க, நீங்களே பாருங்க." பார்த்தேன். தெரிந்தது. எட்டின் இடுப்புக்குக் கீழே ஒரு கீறல், பூனை பிறாண்டின மாதிரி.

அட்டையைத் திருப்பிப் பார்த்தவர் இன்னொன்றும் சொன்னார். "இத யாரோ ஒருக்கத் தொறந்திருக்காங்க. பின்னு ரெண்டாவது தடவ அடிச்சது." பழைய துளைகள் தனியாக இருந்தன. புதிய பின் தட்டையாக இல்லை, விரலில் குத்தியது.

அங்கே நின்றபடியே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்பா வாங்கிய இரண்டில் ஒன்று போலி. அது சேரனுக்குப் போயிருக்கிறது. அக்காவுக்கு அது எப்படியோ தெரிந்திருக்கிறது. பதினாறு நாள் சாவி கையில். தன் மகனுடையதை எங்கள் அட்டையில் வைத்துவிட்டு, என் மகளுடையதை எடுத்துக்கொண்டாள். எவ்வளவு சுலபம் பாருங்கள். வேறு எந்த விதமாகவும் இது நடந்திருக்க முடியாது என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

வீட்டுக்கு வந்தேன். சத்தம் போடவில்லை. எனக்கு அவசரப்படுகிற புத்தி கிடையாது, விசாரிக்காமல் எதுவும் செய்ய மாட்டேன். கயலைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு வயது. அட்டையைக் காட்டி, "இத யார் தொறந்தது?" என்றேன்.

வெளிறிப் போய்விட்டாள்.

"அத்தை டப்பாவ எடுத்தாங்களா?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

"பயப்படாத. அப்பா இருக்கேன்ல. அத்தை எடுத்தத நீ பாத்தியா?"

காலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். மூன்றாவது தடவை கேட்டபோது தலையாட்டினாள்.

அவ்வளவுதான். அதுதான் சாட்சி. வேறு யாரும் பார்க்கவில்லை. குழந்தை பொய் சொல்லாது இல்லையா? கூடத்துக்குக் கையைப் பிடித்து அழைத்து வந்து எல்லோர் முன்னாலும் சொல்லச் சொன்னேன். அக்கா, சேரன், வசுமதி, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். "எடுத்தாங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான். சத்தமே வரவில்லை, உதடு மட்டும்தான் அசைந்தது.

அக்கா கயலைத்தான் பார்த்தாள், என்னை இல்லை. "குழந்தைய உள்ள அனுப்பு சேகர்" என்றாள்.

"ஏன், சாட்சி முன்னால பேச முடியாதா?"

அவள் கட்டிவைத்திருந்த பையை எடுத்து, ஜிப்பைத் திறந்து, அப்படியே கூடத்தில் கவிழ்த்தாள். புடவைகள், அப்பாவின் பழைய துண்டு ஒன்று, விபூதிப் பொட்டலம், சேரனின் காசு டப்பா. "பாத்துக்க" என்றாள்.

இந்த இடத்தை நான் மற்றவர்களிடம் சொல்லும்போது, 'நான் அசையவில்லை' என்று சொல்வேன். நீங்கள் யாரோ, எவரோ, உங்களிடம் என்ன? நான் குனிந்தேன் சார். புடவையை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தேன். சேரனின் டப்பாவைத் திறக்கப் போனேன். அந்தப் பையன் அதை மார்போடு பிடித்துக்கொண்டு, "இது தாத்தா எனக்குக் குடுத்தது மாமா" என்று கத்தினான். வசுமதி என் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். அதனால் அந்தக் காசை நான் பார்க்கவில்லை. அன்றைக்குப் பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அக்கா எல்லாவற்றையும் மறுபடி அடுக்கிக்கொண்டு கிளம்பினாள். சொல்லிக்கொள்ளவில்லை. காரிய வீட்டிலிருந்து கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது, தெரியும்தானே. அதனால் அவள் வழக்கத்துக்காகச் சொல்லாமல் போனாளா, கோபத்தில் சொல்லாமல் போனாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதினேழு வருடம்.

இந்தப் பதினேழு வருடத்தில் என்னென்னவோ ஆகிவிட்டது. சேரன் கல்யாணத்துக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. நான் தாய்மாமன். மாலை போட வேண்டியவன். போகவில்லை. வேறு யாரோ ஒன்றுவிட்ட மாமா போட்டாராம். கயல் கல்யாணத்துக்கு நான் பத்திரிகையே அனுப்பவில்லை. திருடினவள்தானே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்?

கயல் அன்றிலிருந்து அந்த டப்பாவைத் தொடவே மாட்டாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை ஆனால் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பவள். பறிகொடுத்த துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். புகுந்த வீட்டுக்கும் எடுத்துப் போகவில்லை. "நீங்களே வச்சுக்குங்கப்பா" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை.

சந்தேகம் எப்போது வந்தது என்று கேட்கிறீர்களா? ஒரு ஸ்டேப்ளரால் வந்தது.

அக்கா போன அன்று மாலை, அந்த அட்டையை நான்தான் மறுபடி மூடினேன். கடைக்காரர் பிரித்துக் கொடுத்திருந்தார். வீட்டில் ஸ்டேப்ளர் தேடினேன். கயலின் பள்ளிக்கூடப் பையில் ஒன்று இருந்தது, ரோஸ் கலரில், கட்டைவிரல் நீளம், பிள்ளைகள் வைத்திருப்பார்களே. அதை எடுத்து அடித்து, டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். ஒன்பது வருடம் கழித்து வெள்ளையடிக்கிறபோது அட்டை கைக்கு வந்தது. கடைக்காரர் பிரித்தபோது ஒரு ஓரத்துப் பின் மட்டும் கழலாமல் விட்டிருக்கிறார். அது ஒன்று எனக்கு முன்னால் அட்டையைத் திறந்த ஆள் அடித்தது, மூன்று நான் அடித்தது. நாலும் ஒரே பின் சார். அந்தப் பொடி ஸ்டேப்ளரின் பொடிப் பின். பெரிய ஸ்டேப்ளரில் அது போகவே போகாது.

அதற்கும் நான் காரணம் கண்டுபிடித்தேன். அக்காவும் அதே பையிலிருந்து எடுத்திருக்கலாம் இல்லையா? எடுத்திருக்கலாம். கருமாதி வீட்டில், பன்னிரண்டு வயதுப் பெண்ணின் புத்தகப் பைக்குள் ஸ்டேப்ளர் இருக்கிறது என்று தெரிந்து, தேடி எடுத்து... எடுத்திருக்கலாம். எட்டு வருடமாக இதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கயலுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அதைச் சொல்லவே இல்லையே. மூன்று மாதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெயர் வைக்கிறோம். மண்டபம் எல்லாம் பேசியாயிற்று. போன வாரம் திடீரென்று, "அத்தை வராம எம் பொண்ணுக்குப் பேர் வைக்க மாட்டேன்" என்கிறாள்.

"உங்கிட்டருந்து எடுத்தவங்களயா கூப்புடச் சொல்ற?" என்றேன்.

"நீங்க போய்க் கூப்புடுங்கப்பா. இல்ல, நான் போறேன், கைக்குழந்தையோட, பஸ்ஸுல."

சொல்லிவிட்டு அழுகிறாள். வசுமதி அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பாருங்கள், தன்னிடமிருந்து எடுத்தவளையே மன்னிக்கிறாள். என் பெண்ணுக்குப் பெரிய மனது. என்னைப் போல இல்லை.

வசுமதி அக்காவுக்கு ஃபோன் செய்து குழந்தை பிறந்ததைச் சொல்லியிருக்கிறாள், எனக்குத் தெரியாமல். முந்தாநாள் கூரியர் வந்தது. அப்பாவின் கையெழுத்தில் ஒரு அட்டை, 'இளஞ்சேரன்' என்று. உள்ளே முப்பத்தொன்பது. பின்கள் எல்லாம் தட்டையாக, அப்பா அழுத்தினபடியே. அக்கா வீட்டிலும் ஒரு குறடு இருக்காதா என்ன? கூட ஒரு துண்டுத்தாள்: "கயல் குழந்தைக்கு. சேரனும் சரின்னுட்டான். இனிமே ரெண்டும் ஒரே இடத்துல இருக்கட்டும்."

அதைத்தான் சார் பாய் உள்ளே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒப்பிடுவதற்கு எங்களுடையதையும் கொடுத்திருக்கிறேன்.

புரிகிறதா? அது நிஜ முப்பத்தொன்பதாக இருந்தால் நான் சொன்னது சரி. அக்கா எடுத்தாள், இப்போது மனசு உறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். கதை முடிந்தது. நான் கும்பகோணம் போய்ப் பெரிய மனுஷனாகக் கூப்பிட்டுவிட்டு வருவேன். ஆனால் அதுவும் சுரண்டினதாக இருந்தால், மாற்றுவதற்கு அங்கே எதுவுமே இருந்திருக்கவில்லை. போலியை எடுத்துக்கொண்டு போலியை வைக்க யாருக்காவது பைத்தியமா?

காலையில் பிள்ளையார் முன்னால் நின்றேன். என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? அது நிஜமாக இருக்க வேண்டும் என்று. அதாவது, என் அக்கா திருடியாக இருக்க வேண்டும் என்று. வெளியே வந்து செருப்பைப் போடும்போதுதான் நான் கேட்டது என்ன என்று உறைத்தது.

பாய் கூப்பிடுகிறார். போய்விடாதீர்கள் சார், இரண்டு நிமிடம்.

...

இருக்கிறீர்களா? நல்லது. கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

முப்பத்தெட்டு. அதுவும் முப்பத்தெட்டு. லென்ஸில் காட்டினார். அதே இடம், அதே கீறல். "ரெண்டையும் ஒரே ஆளுதான் பண்ணியிருக்கான் சார். ஒரே உளி. பக்கத்துல பக்கத்துல வச்சா லென்ஸே வேணாம், கண்ணுக்கே தெரியுதே. உங்க வீட்ல யாரும் இத ஒண்ணா வச்சுப் பாத்ததே இல்லையா?" என்றார்.

இல்லை என்றேன். ஒப்பிடக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார் என்றேன். பாய் குனிந்து அட்டைகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நாற்பது வருடம் காசை மட்டுமே பார்த்த மனிதர் சார் என் அப்பா. அவருக்குத் தெரிந்திருக்குமா என்று நீங்களும் கேட்காதீர்கள்.

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பதினாறு நாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பாள். 'ரெண்டும் ஒரே இடத்துல இருக்கட்டும்.' வாசலில் அவள் முகம் மாறியது எதற்கு என்று இப்போது பாருங்கள். 'வச்சுட்டு வா' என்று இரண்டு தடவை சொன்னாளே. பையைக் கவிழ்க்கிறபோதுகூட, அது போலிடா, அப்பா கொடுத்ததே போலி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மாலை போட்ட அப்பா படம் எதிரிலேயே இருந்தது. சொல்லவில்லை.

அவள் எடுக்கவில்லை என்றால், கயல் எதைப் பார்த்தாள்?

இத்தனை வருடத்தில் வியாபாரியைக் கேட்டேன், வசுமதியைக் கேட்டேன், பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேட்டேன். ஜோசியர் ஒருவரைக்கூடக் கேட்டேன். அவளை மட்டும் கேட்டதே இல்லை. கேட்க வாய் எடுத்தால் அவள் எழுந்து போய்விடுவாள், அல்லது நான் எழுந்து போய்விடுவேன்.

இருங்கள், ஃபோன் போடுகிறேன். இப்போது போடாவிட்டால் பஸ் ஏறுவதற்குள் இன்னொரு காரணம் கண்டுபிடித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். யாராவது ஒருத்தர் பக்கத்தில் இருந்தால்தான் பேச முடியும்.

மணி போகிறது.

"கயல்... அப்பாதான்மா. குழந்த தூங்குதா? சரி, சரி. இல்ல, உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நான் கண்காட்சியிலேர்ந்து பேசறேன். ரெண்டு காசும் பொய்யாம்மா. ஆமா, அத்தை அனுப்புனதும். இரு, அழாத. அழாம கேளு. அட்டையத் தொறந்தது யாருன்னு நான் கேக்கல. அத விடு. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு... அன்னிக்கு அத்தை எடுத்தத நீ பாத்தியாம்மா? இல்ல, அப்பா மூணு தடவ கேட்டேனேன்னு தலையாட்டினியா?"